பழவேற்காட்டின் அமைதி

நம் சமுதாயத்தில் ஒருவர் பயணம் புறப்பட்டால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் புறப்படுவார்கள். நாகூருக்கும் ஏர்வாடிக்கும் போவோர் உண்டு. பிழைப்பை நாடி நம் பாட்டன்மார் இரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறினார்கள். பேரன்மார் துபாய்க்கும் ரியாத்துக்கும் விமானம் ஏறுகிறார்கள். நிக்காஹுக்குப் போவோம்; மையித்துக்குப் போவோம்; பெண் கேட்கப் போவோம். ஓர் ஊரைப் பார்ப்பதற்காகவே அந்த ஊருக்குப் போவது என்பது நம் குடும்பங்களில் அண்மைக் காலம் வரை அருகியே இருந்தது. இத்தனைக்கும், பூமியில் சுற்றிவந்து முன்னிருந்தோரின் நிலை என்னவாயிற்று என்று கண்டறியும்படி திருமறை நம்மைப் பலவிடங்களில் அழைக்கிறது. ஓர் ஊரைக் கவனித்துப் பார்ப்பதும் ஒரு கடமைதான் என்று அந்த அழைப்பிலிருந்து நான் விளங்கிக்கொள்கிறேன்.

இப்போது காலம் மாறிவருகிறது. விடுமுறை வந்தால் பிள்ளைகள் எங்காவது போகலாம் என்கிறார்கள். நகரத்து இரைச்சலில் களைத்தவர்கள், "அமைதியான ஊர் ஏதாவது உண்டா?" என்று விசாரிக்கிறார்கள். கரையோரம் சில படகுகள், காயப்போட்ட வலைகள், கூட்டமில்லாத தெரு, பழைய பள்ளிவாசல் ஒன்று: இவை இருந்தால் போதும் என்பது அவர்கள் விருப்பம். அத்தகைய ஊர் சென்னைக்கு வெகு அருகில் வடக்கே இருக்கிறது. அதன் பெயர் பழவேற்காடு. சென்ற மார்கழியில் நானும் என் இல்லாளும் மயிலாப்பூரிலிருந்து அங்கே போய் ஒரு பகற்பொழுதைக் கழித்து வந்தோம். ஊர் உண்மையிலேயே அமைதியானதுதான். ஆனால் ஓர் ஊர் அமைதியாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் அன்றோ? அந்தக் காரணத்தைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

முதலில் தூரத்தைச் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரிலிருந்து பழவேற்காடு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தொழுகையைச் சுருக்கித் தொழுவதற்கு நம் ஆலிம்கள் கூறும் தூரமோ 80 கிலோமீட்டரை ஒட்டியது. ஆகவே மார்க்கச் சட்டப்படி, அங்கே போகிற நகரவாசி முஸாபிர் அல்லர். லுஹரை நான்கு ரக்அத்தாகவே அவர் தொழ வேண்டும். முஸாபிருக்குரிய சலுகை இல்லாத தூரம் அது. அந்த ஊரை அந்நிய ஊர் என்று தள்ளிவிடவும் நமக்குச் சலுகை இல்லை என்றே எனக்குத் தோன்றியது. அண்டை ஊரின் நலத்தை விசாரிக்கும் பொறுப்பு நமக்கு உண்டு.

மயிலாப்பூருக்கும் பழவேற்காட்டுக்கும் ஒரு நீர்வழி உறவும் இருந்தது. இன்று பறக்கும் ரயிலின் தூண்களுக்குக் கீழே, மூக்கைப் பிடித்துக்கொண்டு நாம் கடந்துபோகும் பக்கிங்காம் கால்வாய்தான் அந்த உறவு. 1806-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்ட கால்வாய், பிறகு பழவேற்காட்டு ஏரிவரை நீண்டு, அப்பாலும் சென்றது. 1876 முதல் 1878 வரை நாட்டை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தின்போது, பட்டினியால் வாடிய மக்களைக் கூலிக்கு அமர்த்திக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். மயிலாப்பூர் வழியே ஓடுவது அந்தப் பகுதிதான். அன்றைய ஆளுநரின் பெயரே கால்வாய்க்கும் சூட்டப்பட்டது. மண் சுமந்தவர்களின் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை. விறகும் உப்பும், சுண்ணாம்பு சுடுவதற்கான கிளிஞ்சலும் வடக்கேயிருந்து படகுகளில் வந்து நகரத்தில் இறங்கின. 1965, 1966-ஆம் ஆண்டுகளின் புயல்களுக்குப் பிறகு அந்தப் படகுப் போக்குவரத்து நலிந்து மறைந்தது. நீர்வழி அடைபட்டதும், நகரத்தார் நினைவிலிருந்து பழவேற்காடும் விலகிப் போயிற்று.

ஆகவே நாங்கள் தரைவழியே போனோம். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் செல்லும் மின்சார ரயிலேறிப் பொன்னேரியில் இறங்கினோம். வழியில் திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு என்று தொழிற்சாலைகளும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் தொடர்ந்து வந்தன. தென் சென்னையின் வீடுகளில் எரியும் விளக்குக்கான கரியும் சாம்பலும் எந்த ஊர்களின் தலையில் விழுகின்றன என்பது அந்த ரயில் வண்டியின் சன்னலிலிருந்து பார்த்தால் விளங்கும். பொன்னேரியிலிருந்து பேருந்தில் சுமார் 20 கிலோமீட்டர். நெல் வயல்கள் முடிந்து உவர் நிலம் தொடங்கியதும் காற்றில் கருவாட்டு மணம் கலந்தது. ஊர் வந்துவிட்டது.

* * *

பழவேற்காட்டுக்கு வருகிற பயணிகளில் பலர் முதலில் நாடுவது டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் அது. வாயிலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், மரணத்தை நினைவூட்டுவதற்காக. உள்ளே கிடக்கும் கற்பலகைகளில் குலச் சின்னங்களும் நீண்ட வாசகங்களும் அழகுறப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கபுரைக் கண்டால் மறுமையை நினைக்கப் பழகியவர்கள் நாம். அந்நியர் கபுராயினும் அங்கே குரலைத் தாழ்த்தியே நின்றோம்.

அந்தக் கற்கள் சொல்லும் கதை இதுதான். 1610-ஆம் ஆண்டில் விசயநகர மன்னர் வேங்கடபதியிடம் அனுமதி பெற்று டச்சுக் கம்பெனியார் இங்கே பண்டகசாலை அமைத்தார்கள். அப்போது மயிலாப்பூரின் சாந்தோம் போர்த்துக்கேயர் வசமிருந்தது. போட்டியைப் பொறாத அவர்கள் 1612-ஆம் ஆண்டில் அங்கிருந்து படையெடுத்து வந்து பண்டகசாலையை அழித்தார்கள். மறு ஆண்டே டச்சுக்காரர்கள் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டிக்கொண்டார்கள். சென்னையில் ஆங்கிலேயர் கால்வைத்த 1639-ஆம் ஆண்டுக்குக் கால் நூற்றாண்டு முன்னரே இங்கே பீரங்கி வைத்த கோட்டை இருந்தது என்றால், அன்று யார் பெரியவர் என்பது புரியும். 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் இதுவே. பிறகு தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறியது. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் இவ்வூரை மாறி மாறிக் கைப்பற்றி, இறுதியில் 1825-ஆம் ஆண்டில் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. சென்னைத் துறைமுகம் வளர வளர இத்துறை ஓய்ந்தது. கோட்டை இருந்த இடம் இன்று மேடும் புதருமாகக் கிடக்கிறது.

ஒன்றை மட்டும் அந்தக் கற்பலகைகள் சொல்லவில்லை. துணியையும் வெடிமருந்தையும் ஏற்றிய அதே துறையிலிருந்து, 17-ஆம் நூற்றாண்டில், ஆயிரக்கணக்கான ஆண்களையும் பெண்களையும் சிறுவர்களையும் அடிமைகளாக்கி, இன்று ஜகார்த்தா எனப்படும் படாவியாவுக்கு டச்சுக்காரர்கள் கப்பலேற்றினார்கள். பஞ்சம் வந்த ஆண்டுகளில் அந்த வாணிகம் செழித்தது. விற்றவர்களுக்குச் சித்திர வேலைப்பாடமைந்த கல்லறை கிடைத்தது. விற்கப்பட்டவர்கள் எந்த மண்ணில் அடங்கினார்கள் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு அமைதியான இடம்!" என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இதையும் ஒரு கணம் எண்ண வேண்டும்.

டச்சுக்காரர்கள் வருமுன் இவ்வூர் வெறுங்கடற்கரையாக இருந்ததா? இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் மலாக்காவுக்குத் துணி அனுப்பிய துறைகளில் தலையாயது இது. பெகு நாட்டுக் கெம்புக் கற்கள் இங்கே விலைபோயின. அந்த வாணிகத்தில் நம்மவரான மரக்காயர்களுக்குப் பெரும் பங்கு இருந்தது. அரபு நாட்டிலிருந்து மரக்கலமேறி வந்த முன்னோரின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்பது இவ்வூர் முஸ்லிம்களின் வழிவழிச் செய்தி.

அந்த வாணிகத்துக்குச் சான்று தேடித் தொல்பொருள் காட்சிசாலைக்குப் போக வேண்டியதில்லை. நம் வீட்டுக் கொடியிலேயே அது தொங்குகிறது. ஆண்கள் உடுத்தும் கட்டம்போட்ட கைலியைப் 'பளையக்காட்' என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பழவேற்காட்டை வெள்ளையர்கள் தம் வாய்க்கு வந்தபடி உச்சரித்ததன் எச்சம் அது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவினரைக் கேட்டுப் பாருங்கள். அங்குள்ள மலாய்ச் சகோதரர்கள் தொழுகைக்கு உடுத்தும் கட்டமிட்ட சாரத்துக்குக் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். காயின் என்றால் துணி. பெலிக்காட் என்பது நம் பழவேற்காடே. ஒரு சிற்றூரின் பெயரை இடுப்பில் கட்டிக்கொண்டு, அது எந்த ஊர் என்று அறியாமலே, எத்தனையோ நாடுகளின் முஸ்லிம்கள் ஐவேளையும் கிப்லாவை முன்னோக்கி நிற்கிறார்கள்! அந்தத் துணியை நெய்த தறிகளின் ஓசை இவ்வூரில் எப்போதோ அடங்கிவிட்டது. பழவேற்காட்டின் அமைதிக்கு அது ஒரு காரணம்.

* * *

லுஹருக்குப் பள்ளிவாசலுக்குப் போனேன். இவ்வூர்ப் பள்ளியில் ஒரு நிழற்கடிகாரம் உண்டு. சூரியன் உச்சியிலிருந்து சாய்ந்து, நிழல் கிழக்கே திரும்பும்போது லுஹரின் நேரம் தொடங்குகிறது. ஒரு பொருளின் நிழல், உச்சிவேளையில் அதற்கிருந்த நிழலைக் கழித்துவிட்டுப் பார்க்க, அப்பொருளின் உயரத்துக்குச் சமமாகும்போது ஷாஃபி மத்ஹபின்படி அஸர் வந்துவிடும். இருமடங்காகும்போது ஹனஃபி மத்ஹபின்படி அஸர். ஓதிப் படித்த இந்தச் சட்டம் ஒரு கல்லின் மேல் கண்முன்னே நகர்வதைப் பார்ப்பது தனி மகிழ்ச்சி.

தொழுகை முடிந்து வெளியே வந்தபோது முதியவர் ஒருவர் ஸலாம் சொல்லி, "எந்த ஊர் பாய் நீங்க?" என்று விசாரித்தார். மயிலாப்பூர் என்றேன்.

"இப்பல்லாம் செல்போன்லயே நேரம் வந்துடுது. இருந்தாலும் நிழலை ஒரு பார்வை பார்க்காம உள்ளே போக மனசு வர்றதில்லை. நம்ம முன்னவங்க வச்சது இல்லையா?" என்றார்.

"பிள்ளைங்க எல்லாம் ஊர்ல இருக்காங்களா, பாய்?" என்று கேட்டேன்.

"ஒருத்தன் மண்ணடியில, ஒருத்தன் சவூதியில. பெருநாளைக்கு வந்தாக்கா தெரு நெறஞ்சிடும். மத்த நாள்ல இப்படித்தான்" என்று தெருவைக் கைகாட்டினார்.

வெயிலில் வெறிச்சோடிக் கிடந்தது தெரு. தூண் வைத்த திண்ணைகள், பூட்டிய கதவுகள். சற்று முன்பு இதே தெருவை நாங்கள் எவ்வளவு அமைதி என்று வியந்தபடி கடந்து வந்தோம். அது பிள்ளைகள் பிழைக்கப் போய்விட்ட தெரு என்று இப்போது விளங்கியது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் இத்தகைய தெருக்களில் வளர்ந்த வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

என் இல்லாள் அதற்குள் ஒரு வீட்டுக்குள் அழைக்கப்பட்டு, பெண்களோடு அமர்ந்துவிட்டாள். இவ்வூர் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைவதில் பெயர் பெற்றவர்கள். குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, சீராகக் கிழித்து, சாயமேற்றி முடைகிறார்கள். வீட்டு வேலை முடிந்த பகற்பொழுதில், பர்தாவோடு வீட்டிலிருந்தபடியே ஈட்டும் வருவாய் அது. பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் அதிலிருந்து போகின்றன என்று அவர்கள் சொன்னார்களாம். "விலை சொன்னதும் பட்டணத்துக்காரங்க பாதியாக் கேக்குறாங்கம்மா, ஓலைக்காசும் கிடைக்காது" என்று மூத்த பெண்மணி ஒருவர் வருந்தினாராம். இல்லாள் இரண்டு பெட்டிகளைச் சொன்ன விலைக்கே வாங்கி வந்தாள். கலிமா அறிந்த வீட்டில் விருந்துண்டுவிட்டுப் பேரம் பேச அவளுக்கு மனம் வரவில்லை.

* * *

பழவேற்காட்டின் உயிர் அதன் ஏரி. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடி மட்டும் தமிழ்நாட்டில். ஏரியைக் கடலிலிருந்து பிரித்து நிற்பது, ராக்கெட்டுகள் விண்ணில் பாயும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. கடலோ முகத்துவாரத்தின் வழியே உப்பு நீரை அனுப்புகிறது. இரண்டும் கலக்கும் அளவைப் பொறுத்தே இறாலும் நண்டும் மடவை மீனும் பெருகுகின்றன. கடலில் பொரித்த இறால் குஞ்சு இந்த வாயில் வழியே உள்ளே வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகிறது. பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இரை தேடுவதும் இந்தச் செழிப்பை நம்பித்தான். தமிழ்நாட்டுப் பகுதி 1980-ஆம் ஆண்டிலிருந்து பறவைகள் சரணாலயமாக இருக்கிறது.

இந்த ஏரியில் மீன்பிடிக்கும் பட்டினவர்களிடம் 'பாடு' என்றொரு முறை தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் கழி நட்டு வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்கிறார்கள். தன் முறை வராத நாளில், எவ்வளவு இறால் ஓடினாலும், ஒருவன் அங்கே வலை கட்ட மாட்டான். நல்ல இடம் இன்று ஒருவனுக்கு, நாளை மற்றவனுக்கு. பாடு என்ற சொல்லுக்கு உழைப்பு என்றும் துன்பம் என்றும் பொருள் உண்டு. ஒருவனுக்குரிய பங்கு என்றும் பொருள் கொள்ளலாம். மூன்றையும் இவர்கள் ஒரு சொல்லில் அடக்கிவிட்டார்கள். குறையே இல்லாத முறை என்று சொல்வதற்கில்லை. பாடு உரிமை குறிப்பிட்ட குப்பங்களுக்கே உரியது. நீருக்குள் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்கள் அதற்கு வெளியே நிற்கிறார்கள். அது பற்றிய மனத்தாங்கல்களும் உண்டு. ஆயினும் பேராசைக்கு ஒரு வேலி போடத் தெரிந்த மக்கள் இவர்கள் என்பதை மறுக்க முடியாது.

இதைக் கேட்டபோது அல் அஃராஃப் அத்தியாயத்தில் வரும் கடலோர ஊர் என் நினைவுக்கு வந்தது. மீன்பிடிக்கக் கூடாது என்று விலக்கப்பட்ட சனிக்கிழமையில்தான் மீன்கள் அவர்கள் கண்முன்னே திரண்டு வந்தன. மற்ற நாட்களில் வருவதில்லை. அதுவே சோதனை. அந்த ஊரார் அச்சோதனையில் தோற்றார்கள். தனக்குரியதல்லாத நாளில் கையை அடக்கிக்கொள்வதுதான் மீனவனுக்கு மட்டுமன்று, மனிதனுக்கே வைக்கப்பட்ட தேர்வு. அந்தத் தேர்வைப் பழவேற்காட்டுக் குப்பங்கள் அன்றாடம் எழுதிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அவர்களுடைய ஏரியின்மேல் கைவைக்கும் மற்றவர்கள் எந்தச் சீட்டைக் குலுக்கிப் பார்த்தார்கள்?

படகுத்துறையில் வலையைச் சீர்செய்துகொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "முகத்துவாரம் மண்ணடிச்சுத் தூந்துபோவுது, ஐயா. ஏரி வாய் அடைச்சா எங்க வாயும் அடைச்ச மாதிரிதான்" என்றார். வாயில் தூர்ந்தால் கடல் நீர் உள்ளே வராது, குஞ்சும் வராது. கோடையில் ஏரி வற்றி உப்பு ஏறும். படகும் கடலுக்குப் போக முடியாது. முகத்துவாரத்தைத் தோண்டுவதும் அது மீண்டும் தூர்வதுமாகப் பல ஆண்டுகள் கழிந்தன. இருபுறமும் கல் தடுப்புச் சுவர் எழுப்பும் திட்டத்தை அரசு அண்மையாண்டுகளில் மேற்கொண்டது.

மணல் விஷயத்தைச் சற்று விளக்க வேண்டும்; ஏனெனில் அது மயிலாப்பூர்வாசிகளான எங்களையும் தொடுகிறது. இந்தக் கரையோரம் அலைகள் மணலை ஓயாமல் நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. ஆண்டுக் கணக்கில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. குறுக்கே ஒரு துறைமுகச் சுவர் நீண்டால், தெற்கே மணல் சேரும். வடக்கே மணல் வராமல் கடல் கரையைத் தின்னும். சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் 1876-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கப்பட்ட பிறகே மெரினாவின் மணற்பரப்பு இவ்வளவு அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடலரிப்பு. மாலை வேளையில் நாம் குடும்பத்தோடு அமர்ந்து காற்று வாங்கும் மணல், வடக்கே உள்ள குப்பங்களுக்குப் போய்ச் சேராத மணல். நமக்குக் கிடைத்த அகலமும் அவர்கள் இழந்த கரையும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

அதன் பிறகு இன்னும் வடக்கே எண்ணூர்த் துறைமுகம் எழுந்தது; 2001-ஆம் ஆண்டிலிருந்து அது இயங்குகிறது. அடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகம். அதைப் பன்மடங்கு விரிவாக்கும் திட்டத்தை எதிர்த்துப் பழவேற்காட்டு மீனவக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்து வருகின்றன. துறைமுகம் வேண்டாம் என்று சொல்வது எளிது. நாட்டுக்கு வாணிகம் வேண்டும் என்பதும் உண்மை. நம் முன்னோரே துறைமுகங்களால் வாழ்ந்தவர்கள். ஆனால் ஒருவருடைய வாணிகத்துக்காக மற்றொருவரின் வாயில் அடைபடுமானால், அடைபடுபவரைக் கேட்காமல் செய்வது நீதியாகாது. மார்க்கம் நமக்குக் கற்பித்த வாணிக ஒழுக்கமும் அதுவே.

* * *

இவ்வளவையும் கேட்ட பின் பயணி என்ன செய்ய வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். போகாமலிருப்பதா? அல்ல, போகத்தான் வேண்டும். விருந்தோம்புவோரின் கடமைகளைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசுகிறோம். விருந்தினரின் கடமைகளும் அதே அளவு முக்கியம் என்பதை மறந்துவிடுகிறோம். வீட்டாருக்குச் சுமையாகும் அளவு தங்கக் கூடாது என்பதும், கண்ணையும் நாவையும் காக்க வேண்டும் என்பதும் நமக்குச் சொல்லப்பட்ட ஒழுக்கங்கள். ஒரு வீட்டுக்குரிய இந்த ஒழுக்கம் ஓர் ஊருக்கும் பொருந்தும்.

பழவேற்காட்டுக்குப் போவோர் படகுச் சவாரிக்கு ஆசைப்பட வேண்டாம். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் அங்கே சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 22 உயிர்கள் பறிபோயின. மகிழ வந்த குடும்பங்கள் அவை. நீர் அமைதியாகத் தோன்றுவது கரையில் நிற்பவனுக்குத்தான். ஏரியைக் கரையிலிருந்தே பார்க்கலாம். பூநாரைகளைத் தொலைவிலிருந்தே பார்க்கலாம். மீன் வேண்டுமானால் துறையிலேயே, பிடித்தவரிடமே, கேட்ட விலைக்கு வாங்கலாம். ஓலைப் பெட்டி முடைகிற கைகளோடு பேரம் பேசாதிருக்கலாம். வலை காயும் இடத்தில் மிதியாமல் நடக்கலாம். அனுமதி கேளாமல் யாரையும் படமெடுக்காதிருக்கலாம். பள்ளிவாசலில் ஒரு வக்துத் தொழுது, முதியவர்களுக்கு ஸலாம் சொல்லி, அவர்கள் பேசுவதைக் கேட்கலாம். பிள்ளைகளிடம் டச்சுக்காரர் கதையோடு கைலியின் கதையையும் அடிமைகளின் கதையையும் சேர்த்துச் சொல்லலாம்.

இன்னொன்றும் உண்டு. பழவேற்காட்டைப் பார்த்து வந்தவர்கள் தத்தம் ஊர்க் கரையையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும். மயிலாப்பூருக்குக் கிழக்கே நொச்சிக்குப்பம் இருக்கிறது. அடையாற்றின் முகத்துவாரத்தில் ஊரூர்க் குப்பம் இருக்கிறது. 60 கிலோமீட்டர் கடந்து மீனவர் வாழ்வை வியந்து பார்க்கிற நாம், வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கும் குப்பத்தைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றுதானே பேசிவந்தோம்? 2023-ஆம் ஆண்டில் லூப் சாலையோர மீன் கடைகளை அகற்றும் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. மீன் விற்ற பெண்கள் தெருவில் அமர்ந்து முறையிட்டார்கள். 2024-இல் நொச்சிக்குப்பத்தில் புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. அந்தச் சாலை வருமுன்பே அங்கிருந்தவர்கள் அம்மக்கள் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

அமைதி இறைவனின் அருட்கொடை. உழைத்தவன் உறங்கும் அமைதி, தொழுதவன் உள்ளத்து அமைதி, பகை தீர்ந்த ஊரின் அமைதி எல்லாம் அவனருளால் வருபவை. தறி நின்றதாலும் துறை தூர்ந்ததாலும் பிள்ளைகள் போய்விட்டதாலும் வரும் அமைதி வேறு. பயணிக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். பிரித்தறிய வேண்டுமானால் அவ்வூராரிடம் கேட்க வேண்டும். பழவேற்காட்டு மக்களுக்கு அவர்களுடைய ஏரியும் அதன் வாயிலும் நிலைத்திருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. அடுத்த பெருநாளுக்குப் பின்னும் அத்தெருக் கதவுகளிற் சில திறந்தே இருக்கட்டும்.